கரண்ட் வந்த பிறகு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணிக்குப் பிறகு இலங்கை முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். பிறகு நாடெங்கும் குரங்குப் பகிடிதான். ஒரு குரங்கு ஒரு தீவையே அணைத்துவிட முடியுமென்றால் குறை குரங்கில் இல்லை. அன்று ஞாயிறு என்பதால் மின் தேவை குறைவு. நல்ல வெயில் என்பதால் கூரைகளிலுள்ள சூரியத் தகடுகளின் பங்கு அதிகம். பாரமான சுழலிகள் குறைவாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் உதறல் வந்தது, தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் முழு வலையமைப்பும் விழுந்தது. இந்த விளக்கம் பகிடிச் சத்தத்தில் பலருக்குக் கேட்கவில்லை.

மாலைக்குள் தீவின் பெரும்பகுதிக்குக் கரண்ட் திரும்பிவிட்டது. செய்திகளில் மின்தடை அத்தோடு முடிந்தது. ஆனால் 10ஆம், 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு அறிவித்தார்கள். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்றும் அந்த உதறலில் நின்றுபோயிருந்தன. அவற்றை நினைத்தவுடன் ஓட்ட முடியாது. கொதிகலன் சூடேற வேண்டும், ஆவியின் அழுத்தம் ஏற வேண்டும், சுழலியின் இரும்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சூடாக வேண்டும். அவசரப்பட்டால் இரும்பு வளையும்.

அப்படியென்றால் அந்த மின்தடை எப்போதுதான் முடிந்தது? மின்குமிழைக் கேட்டால் ஞாயிறு மாலை என்று சொல்லும். நுரைச்சோலையைக் கேட்டால் இன்னும் சில நாள் தள்ளிச் சொல்லும். நாம் மின்தடையின் நீளத்தை எப்போதும் மின்குமிழைக் கொண்டே அளக்கிறோம். மின்சார சபையும் அப்படித்தான், பத்திரிகையும் அப்படித்தான், வீட்டில் நாமும் அப்படித்தான். மின்குமிழுக்கு ஞாபகம் கிடையாது. கரண்ட் போனால் அணையும், வந்தால் எரியும், இடையில் நடந்தது எதையும் அது சுமப்பதில்லை. சூட்டிலும் குளிரிலும் பிழைக்கிற இயந்திரங்கள் வேறு சாதி. அவை இழந்ததைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அவற்றிலும் கடுங்குளிரில் பிழைக்கிறவை தனிச் சாதி.

எங்கள் கொலன்னாவையில் குடியிருப்பவர்களுக்கு மின்சாரமும் எண்ணெயும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. லக்சபான நீர்மின்சாரம் 1950இல் மலையிலிருந்து கம்பி வழியே இறங்கிக் கொழும்பைத் தொட்டது கொலன்னாவை உப மின்நிலையத்தில். எண்ணெய்த் தாங்கிகள் ஊரின் எல்லையிலேயே நிற்கின்றன. களனி கங்கைப் பக்கம் போனால் களனிதிஸ்ஸ மின்நிலையம். இவ்வளவும் இங்கே இருப்பதால் யுத்தமும் இங்கே வந்தது. 1995 ஒக்டோபர் 20இல் கொலன்னாவை, ஒருகொடவத்தைத் தாங்கிகள் தாக்கப்பட்டு எரிந்தபோது எழுந்த கரும்புகையைக் கொழும்பு முழுவதும் பார்த்தது. 2007 ஏப்ரல் 29 அதிகாலை புலிகளின் விமானங்கள் வந்தபோது, கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நகரத்தில் வேண்டுமென்றே கரண்டை நிறுத்தினார்கள். 2008 ஒக்டோபரில் களனிதிஸ்ஸ தாக்கப்பட்ட இரவும் கொழும்பு இருட்டில் கிடந்தது. அந்த இருட்டுகளை இங்குள்ளவர்கள் சங்ககாரவின் ஆட்டத்தோடும் துவக்குச் சத்தத்தோடும் சேர்த்து ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நகரத்தின் ஆஸ்பத்திரிகளில் ஏதாவதொரு பூட்டிய அறையில் அந்த நேரம் ஸ்கான் இயந்திரத்தின் ஹீலியம் மெதுவாகக் கொதிக்கத் தொடங்கியிருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நானும் நினைத்ததில்லை. எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் ஒரு தம்பி சொல்லித்தான் அந்தப் பக்கம் யோசனை போனது.

அவருக்கு ஒரு ஸ்கான் நிலையத்தில் வேலை. படம் எடுப்பவரல்ல, இயந்திரத்தைப் பார்ப்பவர். அந்த ஞாயிறு பின்னேரம் எங்கள் பக்கம் கரண்ட் வந்து சனம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது அவர் மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினார்.

“கரண்ட்தான் வந்திட்டுதே தம்பி, இனி என்னத்துக்குப் போறீர்?” என்று கேட்டேன்.

“கரண்ட் வந்தபடியாத்தான் அண்ணை போறன். வராட்டி எனக்கு அங்க என்ன வேலை?”

எம்.ஆர்.ஐ. ஸ்கான் இயந்திரத்தின் உள்ளே இருப்பது ஒரு காந்தம். நையோபியம், டைட்டேனியம் என்ற இரண்டு உலோகங்களின் கலவையால் ஆன கம்பியைக் கிலோமீற்றர் கணக்கில் சுற்றிச் செய்தது. அந்தக் கம்பி சுமார் 9 கெல்வினுக்குக் கீழே போனால் மின்னோட்டத்தை எதிர்க்கும் தடை என்பதே இல்லாத கடத்தியாகிவிடும். ஒருமுறை அதில் மின்னோட்டத்தை ஏற்றி இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டால் அது வருடக்கணக்கில் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ஒரு வாட் கூடத் தேவையில்லை. இந்தக் குளிரைக் கொடுப்பது திரவ ஹீலியம்: 4.2 கெல்வின், அதாவது சுழியத்துக்குக் கீழே 269 பாகை செல்சியஸ். வழக்கமான 1.5 டெஸ்லா இயந்திரத்தின் தாங்கியில் ஏறத்தாழ 1,500 லீற்றர் ஹீலியம் இருக்கும்.

தாங்கியை எவ்வளவு நல்ல வெற்றிடச் சுவரால் மூடினாலும் வெளிச்சூடு துளித்துளியாகக் கசிந்து உள்ளே போகும். ஒரு வாட் சூடு உள்ளே போனால் ஒரு மணி நேரத்தில் 1.4 லீற்றர் ஹீலியம் ஆவியாகும். ஒரு டோர்ச் பல்பின் சூடு போதும். அந்த ஆவியைத் திரும்பத் திரவமாக்குவதற்கு இயந்திரத்தின் உச்சியில் ஒரு குளிர்தலை பொருத்தியிருக்கிறார்கள். அதற்கு ஹீலியம் வாயுவை அமுக்கி அனுப்ப அடுத்த அறையில் ஒரு கொம்பிரஸர். அந்தக் கொம்பிரஸர் சூடாகாமல் இருக்க அதற்குத் தண்ணீர் ஓட வேண்டும், அந்தத் தண்ணீரைக் குளிர வைக்க வெளியே ஒரு சில்லர். உள்ளே ஒரு வாட் சூட்டை வெளியேற்ற வெளியே கொம்பிரஸர் மட்டும் ஏழாயிரம் வாட் தின்கிறது. இரவு பகல், வெசாக், பெருநாள், கிறிஸ்மஸ் என்ற பேதமில்லாமல் ஓடினால் நாளொன்றுக்கு 168 அலகு. எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளுக்கு ஒரு மாதத்துக்கே அவ்வளவு வராது.

கரண்ட் போனதும் நடப்பதைக் கவனியுங்கள். ஸ்கான் நின்றுவிடும். கணினி, விளக்கு, ஏசி எல்லாம் நின்றுவிடும். காந்தம் மட்டும் நிற்காது. அதற்குக் கரண்டே தேவையில்லையே. இருட்டிய அறையில் அது முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டேயிருக்கும். டோர்ச்சும் கையுமாக உள்ளே போகிறவர், மெஷின் ஓடவில்லைத்தானே என்று நினைத்து இரும்புச் சாமான் எதையாவது கொண்டுபோனால் அது கையைவிட்டுப் பறக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் சிலிண்டரோடு ஸ்கான் அறைக்குள் போன ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு இறந்தார். அது மின்தடை நேரமல்ல, சாதாரண நாள்தான். இயந்திரம் சும்மா கிடக்கிறது என்ற எண்ணம் சாதாரண நாளிலேயே ஆளைக் கொல்லுமென்றால் இருட்டில் கேட்க வேண்டியதில்லை.

குளிர்தலையும் நின்றிருக்கும். நிற்பதோடு அதன் வேலை தலைகீழாகிவிடுகிறது. ஓடும்போது சூட்டை வெளியே எடுத்த அதே உலோகத் தண்டு, நின்றதும் வெளிச்சூடு உள்ளே இறங்கும் படிக்கட்டாகிறது. தாங்கியில் அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் வால்வு திறந்து ஹீலியம் வெளியேறும். அது போனது போனதுதான். காற்றில் கலந்த ஹீலியத்தைப் பிடித்துக் கொண்டுவர இந்த நாட்டில் வழியில்லை, விளைவதும் இங்கே இல்லை. கட்டார், அமெரிக்கா, அல்ஜீரியா என்று எங்கோ நிலத்தடி எரிவாயுவிலிருந்து பிரித்தெடுத்து, வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே கப்பலில் வரும் சரக்கு அது.

(இந்த ஹீலியத்துக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1868 ஓகஸ்ட் 18இல் நடந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து பிரெஞ்சுக்காரரான ஜான்சனும் மசூலிப்பட்டினத்திலிருந்து சென்னை வானாய்வகத்தின் பொக்சனும் நிறமாலைக் கருவிகளால் பார்த்தார்கள். சூரியனில் இருந்த இந்தப் புதுத் தனிமத்தின் தடயம் அந்தக் கிரகணத்தில்தான் முதலில் கண்ணில் பட்டது. பூமியில் அதை ராம்சே பிரித்தெடுக்க 1895 ஆகிவிட்டது.)

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெப்ரவரி 9 போன்ற ஒரு மின்தடையில் ஒரு ஸ்கான் இயந்திரம் இழக்கக்கூடியது பத்து, இருபது லீற்றர். 1,500இல் அது ஒரு வீதம் அளவு. சில மணி நேரத்துக்கெல்லாம் அது சாகாது. நாட்கணக்கில் தாங்கும். அப்படியானால் அந்தத் தம்பி ஏன் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஓடினார்? அடுத்த கிழமை அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தப் பின்னறையைக் காட்டிய பிறகுதான் விளங்கியது.

இடுப்பளவு உயரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதுதான் கொம்பிரஸர். முகப்பில் ஓர் அழுத்தமானி, ஒரு சின்னத் திரை. பின்னால் பின்னல் உறை போட்ட இரண்டு குழாய்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு காந்த அறைக்குள் போகின்றன. பக்கத்தில் தண்ணீர்க் குழாய்கள், அவற்றின் மேல் வியர்வை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வினாடிக்கொரு தடவை ஒரு சத்தம்: கிச், கிச், கிச். குளிர்தலைக்குள் மேலும் கீழும் ஓடும் தண்டின் சத்தம். எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் அதைக் கேட்டிருப்பார்கள், என்னவென்று கேட்டிருக்க மாட்டார்கள். தம்பிக்கு அந்தச் சத்தம்தான் எல்லாம். அறைக்குள் போனதும் முதலில் திரையைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

கரண்ட் வந்ததும் எல்லாம் தானாக ஓடத் தொடங்கிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். ஓடுவதில்லை, அல்லது ஓடி நின்றுவிடும். கரண்ட் முதலில் வரும்போது ஒரு சீராக வராது. வந்து போகும், தாழ்ந்து உயரும். மூன்று பேஸில் ஒன்று வராமலிருக்கலாம். எங்கோ கம்பி மாற்றிப் பூட்டியதில் பேஸ்களின் வரிசை மாறியிருக்கலாம். வரிசை மாறினால் மோட்டார்கள் எதிர்ப்பக்கம் சுற்றும், பாதுகாப்பு ரிலே உள்ள பெட்டி ஓடவே மறுக்கும். அதனால் முதல் வேலை பொறுத்திருப்பது. மூன்று பேஸையும் அளந்து பார்த்த பிறகு சில்லர். தண்ணீர் ஓடுகிறதா, குளிர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் கொம்பிரஸரைப் போட்டால் சில நிமிடங்களில் அது சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். தண்ணீர் சரியான பிறகு கொம்பிரஸர். அது ஓடி அழுத்தம் நிலைத்த பிறகு குளிர்தலையின் சத்தம். கடைசியாகக் காந்தத் தாங்கியின் அழுத்தமும் ஹீலிய மட்டமும். அந்த அழுத்தம் உடனே இறங்காது. முள் இறங்குகிறதா என்று மணிக்கணக்கில் பார்த்திருக்க வேண்டும். கணினி, மேசை, விளக்கு, நோயாளி எல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் வெளியே இருப்பவர்கள் கேட்பது அவற்றைத்தான். படம் எடுக்க முடியுமா? முடியும், காந்தம் இருக்கிறதே. கொம்பிரஸர் செத்துக் கிடந்தாலும் அன்றைக்குச் சில படங்களை எடுத்துவிடலாம். ஆபத்து இங்கேதான்.

மின்தடை நேரத்தில் எல்லாரும் விழிப்பாக இருக்கிறார்கள். கரண்ட் வந்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். விளக்கு எரிகிறது, திரை ஒளிர்கிறது, பின்னறையில் கொம்பிரஸர் மட்டும் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஞாயிறு போய், திங்கள் போய், பிறகு போயா லீவும் வந்துவிட்டால், ஆறு மணி நேர மின்தடை அந்தக் காந்தத்துக்கு ஆறு நாள் மின்தடையாகிவிடும். இழப்பு பத்து லீற்றரோடு நிற்காது. ஹீலிய மட்டம் மிகவும் இறங்கி, கம்பியின் ஏதாவதொரு இடம் சூடேறி மின்னோட்டத்தை எதிர்க்கும் தன் குணத்தை மீளப் பெற்றுவிட்டால், சுற்றிக்கொண்டிருந்த மின்னோட்டம் முழுவதும் அந்த இடத்தில் சூடாகி, பக்கத்துக் கம்பியைச் சூடாக்கி, கொஞ்ச நேரத்தில் மொத்தத் தாங்கியும் கொதிக்கும். ஒரு லீற்றர் திரவ ஹீலியம் அறைச் சூட்டில் ஏறத்தாழ 750 லீற்றர் வாயு. 1,500 லீற்றர் என்றால் ஆயிரம் கனமீற்றருக்கு மேல். கூரை வழியே போகும் பெரிய குழாயில் அது வெண்புகையாகச் சீறிப் போய்விடும். குழாய் அடைத்திருந்தால் அறைக்குள் வந்து மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும். அதற்குப் பிறகு மறுபடி குளிரூட்டி, கப்பலில் ஹீலியம் வந்து, மின்னோட்டம் ஏற்றி, சரிபார்த்து... அதுவரை அந்த ஸ்கானுக்குப் பெயர் கொடுத்தவர்கள் வேறு வரிசையில் நிற்க வேண்டும்.

இந்தப் பொறுத்திருத்தல் கொழும்பில் எந்தக் குசினிக்கும் புதிதல்ல. பிறிஜுக்கு ஒரு கார்ட் வாங்கி மாட்டியிருப்போம். கரண்ட் வந்து சில நிமிடம் கழித்துத்தான் அது டக்கென்று சத்தம் போட்டுப் பிறிஜுக்குக் கரண்ட் கொடுக்கும். கொம்பிரஸரின் இரு பக்கத்து அழுத்தமும் சமமாகும் முன் மோட்டாரைத் திரும்பப் போட்டால் அது இழுக்க முடியாமல் முக்கி எரிந்துபோகும். எரிந்த பிறகுதான் பலரும் கார்ட் வாங்குகிறார்கள் என்பது வேறு கதை. பின்னறையில் தம்பி செய்வதும் அதே வேலைதான். அங்கே கார்டுக்குப் பதிலாக ஒரு மனிதர் நிற்கிறார்.

இந்தப் பொறுத்திருத்தலின் மிகப் பெரிய வடிவத்தைப் பார்க்க ஜெனீவாவுக்குப் போக வேண்டும். சேர்ன் ஆய்வகத்தில் நிலத்துக்கடியில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள துகள் முடுக்கியின் காந்தங்கள் 1.9 கெல்வினில் இருக்கின்றன. நூறு தொன்னுக்கு மேல் ஹீலியம். 2016 ஏப்ரல் 29இல் மரநாய் இனத்து விலங்கொன்று அங்கே 66 கிலோவோல்ட் மின்மாற்றியில் ஏறி, தானும் செத்து, உலகத்தின் மிகப் பெரிய இயந்திரத்தையும் நிறுத்தியது. பாணந்துறைக் குரங்கை வைத்து நம்மை நாமே கேலி செய்தவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது. அதே வருடம் நவம்பரில் இன்னொன்றும் அப்படியே செத்தது. அதைப் பதப்படுத்தி நெதர்லாந்தில் ரொட்டர்டாம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன், 2009 நவம்பரில், பறவை ஒன்று போட்டதாக நம்பப்படும் ஒரு பாண் துண்டு வெளியிலுள்ள மின்கம்பியில் பட்டுக் குளிரூட்டிகள் நின்று, காந்தங்கள் சில பாகை சூடேறின.

சில பாகைதானே என்று நமக்குத் தோன்றும். அங்கே குளிர் படிப்படியாக இறங்குகிறது. முதலில் அறைச் சூட்டில் ஓடும் பெரிய கொம்பிரஸர்கள், பிறகு 4.5 கெல்வின் வரை இறக்கும் குளிர்ப்பெட்டிகள், கடைசியாக, கடுங்குளிரிலேயே சுழலும் கொம்பிரஸர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஹீலியத்தின் மேலுள்ள அழுத்தத்தை வளிமண்டலத்தின் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கு உறிஞ்சி இறக்கி 1.9க்குக் கொண்டுபோகின்றன. இந்தக் கடைசிப் படியில் ஒன்று தடுமாறினால் வரிசை முழுவதும் நின்று, மேற்படியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். நின்ற நேரத்தைவிட மீளும் நேரம் பெரும்பாலும் நீளம். அறைச் சூட்டிலிருந்து தொடங்குவதென்றால் வாரக்கணக்கு. ஆனால் அங்கே கொதித்த ஹீலியத்தைப் பிடித்துச் சேமிக்கத் தாங்கிகள் உண்டு, இரவு பகலாக அதைப் பார்க்கவே ஒரு குழு உண்டு. கொழும்பில் அந்தக் குழுவின் இடத்தில் ஒரு தம்பியும் ஒரு மோட்டார் சைக்கிளும்.

இப்போது ஹீலியமே தேவைப்படாத ஸ்கான் என்று புதிதாக விற்கிறார்கள். பிலிப்ஸ் 2018இல் கொண்டுவந்த காந்தத்தில் 7 லீற்றர்தான், அதுவும் அடைத்து முத்திரை வைத்தது. சீமென்ஸ் செய்த ஒன்றில் ஒரு லீற்றருக்கும் குறைவு. ஹீலியம் விளையாத, டொலர் இல்லாமல் தவித்த நாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த 1,500 லீற்றர் வெறும் செலவு அல்ல. அதுதான் காந்தத்தின் சேமிப்பு, கரண்ட் இல்லாத நாட்களைத் தாங்கும் கையிருப்பு. 7 லீற்றர் காந்தத்துக்குக் கையிருப்பு கிடையாது. குளிர்ப்பு நெடுநேரம் நின்றால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்னோட்டத்தை இறக்கிக் காந்தத்தை அணைத்துவிடும். பிறகு குளிர்ந்து திரும்பி வர நேரம் வேண்டும். ஹீலியம் வாங்கத் தேவையில்லை என்பது உண்மை. நம்பகமான கரண்ட் முன்பைவிட அதிகம் தேவை என்பதும் அதே அளவு உண்மை. விற்பனைக்காரர் முதல் வசனத்தைச் சொல்வார். இரண்டாவதை வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும்.

ஜெனரேற்றர் இருக்கிறதே என்பார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நடந்தபோது இங்கே ஜெனரேற்றருக்குக் குறைவில்லை, டீசல்தான் இல்லை. எண்ணெய்த் தாங்கிகளின் நிழலில் குடியிருந்த கொலன்னாவைச் சனமும் கானை வைத்துக்கொண்டு மற்றவர்களைப் போல வரிசையில்தான் நின்றது. டீசல் இருந்தாலும் எந்தக் கருவியை ஜெனரேற்றரில் மாட்டுவது என்ற பட்டியல் ஒன்று உண்டு. சத்திரசிகிச்சைக் கூடம், தீவிர சிகிச்சை, லிஃப்ட், வரவேற்பு மண்டபத்து விளக்கு வரை அதில் வந்துவிடும். ஹீலியக் கொம்பிரஸர் வந்தாலும் சில்லர் விடுபட்டுப்போகும், அது கூரையிலோ கொல்லையிலோ ஏசிக்காரர் பார்க்கும் சாமான் என்பதால். சில்லர் இல்லாமல் கொம்பிரஸரைப் பட்டியலில் சேர்ப்பதும் சேர்க்காமல் விடுவதும் ஒன்றுதான்.

மின்குமிழால் அளக்கும் பழக்கம் மின்சார சபையின் தலையிலும் வந்து விழுகிறது. தீவு முழுவதும் இருண்ட பிறகு வலையமைப்பை எழுப்புவது இதே போன்ற வேலை. விக்டோரியா, கொத்மலை, லக்சபான போன்ற நீர்மின் நிலையங்களிலிருந்து தொடங்கி, கம்பிக்கு உயிர் கொடுத்து, ஒவ்வொரு ஊராகச் சேர்த்து, அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். இதில் அவர்களை அதிகம் படுத்துவது நம் வீட்டுக் குளிர்தான். சாதாரண நேரத்தில் வெல்லம்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ ஆயிரம் பிறிஜ் இருந்தால் ஒரே நேரத்தில் ஓடுவது அதில் ஒரு பங்கு மட்டும். மற்றவை குளிர்ந்து ஓய்ந்திருக்கும். ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டால் எல்லாப் பிறிஜும் சூடேறியிருக்கும், எல்லா அறையும் புழுங்கியிருக்கும். கரண்ட் வந்த நொடியில் அத்தனை பிறிஜும் அத்தனை ஏசியும் ஒன்றாக ஓடத் தொடங்கும். ஊர் கேட்கும் மின்சாரம் வழக்கத்தைவிட எவ்வளவோ அதிகம், சிலவேளை இருமடங்கு. அதைக் கணக்கிடாமல் ஓர் ஊரை அவசரமாகச் சேர்த்தால் அப்போதுதான் எழுந்து நின்ற வலையமைப்பு திரும்ப விழும். ஊர் ஊராக, இடைவெளி விட்டு, மெதுவாகக் கரண்ட் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கொட்டாஞ்சேனைக்கு வந்திட்டுது, எங்களுக்கு ஏன் வரவில்லை என்று மின்சார சபைக்குப் போன் எடுத்துத் திட்டும்போது இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. மின்தடைக்குப் பிறகு ஒரு பதிவுப் புத்தகம் வையுங்கள். கரண்ட் வந்த நேரத்தை ஒரு பக்கத்திலும் தாங்கியின் அழுத்தம் பழைய அளவுக்கு இறங்கிய நேரத்தை எதிர்ப்பக்கத்திலும் எழுதட்டும். இரண்டாவது நேரம் எழுதப்படும் வரை அந்தத் தம்பியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், அந்த மணித்தியாலங்களுக்கு ஓவர்டைம் கொடுங்கள். லீவு நாளில் அந்தக் கொம்பிரஸர் நின்றால் யாருடைய போனுக்கு மணி அடிக்க வேண்டும் என்பதையும் இன்றைக்கே முடிவு செய்யுங்கள்.

மற்றவர்களுக்கு அதைவிடச் சின்ன வேலை. அடுத்த முறை தீவு முழுவதும் கரண்ட் போனால் பிறிஜ், ஏசி இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். கரண்ட் வந்து பத்து நிமிடம் நிலைத்து நின்ற பிறகு பிறிஜைப் போடுங்கள். ஏசியை இன்னும் கொஞ்சம் பொறுத்துப் போடலாம்.